திரைக்குள் ஓடும் நதி

வடக்கே தென்பெண்ணையும் தெற்கே கெடிலமும் ஓட, இரண்டுக்கும் நடுவில் கரும்பும் நெல்லும் பலாவும் முந்திரியுமாக விரிந்து கிடக்கும் அண்ணாகிராமத்து மண்ணில் பிறந்து வளர்ந்தவனுக்கு, ஆறு என்பது கண்ணை மூடிக்கொண்டாலும் மனத்துக்குள் ஓடிக்கொண்டே இருக்கிற ஒரு வஸ்து. பொங்கல் விடுமுறைக்குச் சிதம்பரத்திலிருந்து வந்திருந்த என் தங்கை மகன், கணினிப் படிப்புப் படிக்கிறவன், மாட்டுப் பொங்கலன்று மாலை திண்ணையை ஒட்டிய அறையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, “மாமா, ஒரு ஆறு காட்டுறேன், வந்து பாருங்க” என்று கூப்பிட்டபோது, நான் கையிலிருந்த வேலையை விட்டு எழுந்து போனதற்கு அந்த ஒரு சொல்லே காரணம்.

திரையில் மாலை வெயில் பட்டுச் செம்பழுப்பு நிறமாக ஓர் அகன்ற பிரவாகம் அசைந்துகொண்டிருந்தது. அதன் மேல் புகை கக்கிக்கொண்டு நீராவிப் படகுகளும், நிலக்கரியும் மரப்பெட்டியும் ஏற்றிய சரக்குத் தோணிகளும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றையொன்று உரசிவிடாத குறையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒரு கரையில் பாராளுமன்றத்தின் மணிக்கூண்டு வானத்தைத் தொட்டு நிற்க, மறு கரையில் ஆலைப் புகைபோக்கிகள் வரிசை வரிசையாக நின்றன. பையன் ஒரு விசையைத் தட்டினான். கறுப்பு அங்கி அணிந்த ஒரு பெண் உருவம் கரைப்படியிலிருந்து ஓடி ஒரு தோணியில் குதித்தது; அதிலிருந்து அடுத்ததற்கு, அடுத்ததிலிருந்து அதற்கப்பால் வந்த நீராவிப் படகின் கூரைக்கு; பாலத்தின் பக்கமே போகாமல் மறு கரையில் போய் ஏறிவிட்டது. “பாலம் எதுக்கு மாமா, ஆறே பாலம்தான்” என்றான் அவன். அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன் என்று சொன்னாலும் தவறில்லை.

அவன் ஆடியது ‘அசாசின்ஸ் கிரீட் சிண்டிகேட்’ என்ற விளையாட்டு. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் கனடா நாட்டுக் கியூபெக் நகரத்துக் கூடத்தில் உருவாகி, 2015 அக்டோபரில் வெளிவந்தது. காலம் 1868, இடம் விக்டோரியா மகாராணியாரின் லண்டன். ஜேக்கப், ஈவி என்ற இரட்டையர் நகரத்தைத் தன் பிடியில் வைத்திருக்கும் ஒரு கொடியவனிடமிருந்து பேட்டை பேட்டையாக மீட்பது கதை. கதையில் வருகிற சண்டையையும் சதியையும் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் எதுவும் இல்லை. ஆனால் அந்த நகரத்தைப் பேட்டைகளாகப் பிரித்துக் காட்டும் வரைபடத்தைப் பையன் விரித்தபோது, வெஸ்ட்மின்ஸ்டர், ஸ்டிராண்ட், சிட்டி, வொயிட்சேப்பல், லாம்பெத், சதக் என்று ஆறு நிலப்பேட்டைகளோடு, தேம்ஸ் நதியும் ஏழாவது பேட்டையாகத் தன் பெயரோடு தனியே குறிக்கப்பட்டிருந்தது. நதியை எல்லைக் கோடாக வரைந்து விடாமல், அதையும் மக்கள் உழைக்கும், பிழைக்கும், திருடும், ஒளியும் ஒரு வட்டாரமாகக் கருதிய அந்தச் சிருஷ்டிகர்த்தாக்களின் மேல் எனக்கு அக்கணமே ஒரு மதிப்பு உண்டாயிற்று.

அவர்கள் அப்படிச் செய்ததற்கு விளையாட்டின் இலக்கணமே ஒரு காரணம். இந்த வரிசை விளையாட்டுகளின் உயிர்நாடி, சுவரில் ஏறிக் கூரை வழியே ஓடுவதுதான். கூரைக்குக் கூரை தாவி ஓடுகிறவனுக்கு எதிரே, பிடிக்க ஓடும் இல்லாமல் மிதிக்க ஓரமும் இல்லாமல் ஒரு மாபெரும் வெற்றிடம் குறுக்கிட்டால் ஓட்டம் அங்கேயே நின்றுவிடும்; நகரத்தின் நடுவில் ஓடும் நதி விளையாட்டை இரண்டாக அறுத்துவிடும். நதியைக் குறுக்கிச் சிறு கால்வாயாக்கிவிடலாம். அது சரித்திரத்துக்குத் துரோகம். நிறையப் பாலங்களைப் போட்டுவிடலாம், அதுவும் பொய். அவர்கள் உண்மையான விடையைச் சரித்திரத்திலேயே கண்டெடுத்தார்கள்: 1868-இன் தேம்ஸ் வெற்றிடமாக இருந்ததே இல்லை. உலகத்தின் மிகப் பெரிய துறைமுக நகரத்தின் அந்த நதியில் படகுகளும் தோணிகளும் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. விளையாட்டுக்கு வேண்டியதும் சரித்திரத்துக்கு வேண்டியதும் ஓரிடத்தில் சந்தித்த அபூர்வமான தருணம் அது. (விளையாட்டின் லண்டன் உண்மை லண்டனைவிடச் சிறியது என்பதும், அதற்கேற்ப நதியும் ஒடுங்கியிருக்கிறது என்பதும் வேறு விஷயம்; சித்திரக்காரன் மலையைத் துணியில் அடக்குவதில்லையா?)

இதற்கு முன்னும் நகரத்து நதிகள் விளையாட்டுகளில் ஓடியிருக்கின்றன. 2009-இல் வந்த இதே வரிசை விளையாட்டு ஒன்றில் பிளாரன்ஸ் நகரின் ஆர்னோ நதியும் வெனிஸ் நகரின் கால்வாய்களும் வந்தன. 2014-இல் பாரிஸின் சேன் நதி, நடுத்தீவில் நாத்ருதாம் ஆலயத்தைத் தாங்கிக்கொண்டு ஓடிற்று. ஆனால் அங்கெல்லாம் நதி பெரும்பாலும் பின்னணித் திரைதான். அது ஒரு பாத்திரமாக எழுந்து நின்று பேசியது தேம்ஸில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

விளையாட்டு தேர்ந்தெடுத்த 1868 என்ற ஆண்டுதான் எத்தனை சரியான ஆண்டு! அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு, 1858 கோடையில், லண்டன் நகரத்தின் கழிவு முழுவதையும் தாங்கிய தேம்ஸ் நாறிய நாற்றத்தில், நதிக்கரையில் இருந்த பாராளுமன்றத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்பு மருந்தில் நனைத்துத் தொங்கவிட்டும் உறுப்பினர்கள் உள்ளே உட்கார முடியவில்லை. காலரா அந்நகரத்தைப் பல முறை வந்து வாரிக்கொண்டு போயிருந்தது; அசுத்த நீர்தான் அதைப் பரப்புகிறது என்று மருத்துவர் ஜான் ஸ்நோ 1854-இலேயே எடுத்துக் காட்டியும் ஏற்றுக்கொண்டவர் சிலரே. மூக்கைத் தொட்ட பிறகுதான் சட்டம் பிறந்தது. ஜோசப் பாசல்ஜெட் என்ற பொறியாளர், நகரத்தின் சாக்கடைகளையெல்லாம் நதியில் விழாமல் இடைமறித்துக் கிழக்கே கொண்டுபோகும் 132 கிலோமீட்டர் பெருங்குழாய்களை மண்ணுக்கடியில் நிர்மாணித்தார். 1865-இல் கிராஸ்னெஸ் நீரேற்று நிலையமும் 1868-இல் ஆபி மில்ஸ் நிலையமும் இயங்கத் தொடங்கின. அந்தக் குழாய்களில் ஒன்றை உள்ளே வைத்து, நதியின் சேற்றுக் கரையைக் கருங்கல்லால் அடைத்துக் கட்டிய விக்டோரியா கரைச்சுவர் 1870-இல்தான் திறக்கப்பட்டது. அதாவது, விளையாட்டின் கதாபாத்திரங்கள் ஓடித் திரியும் அந்த ஆண்டில் தேம்ஸ் ஒரு பாதி பழைய நதி, ஒரு பாதி புதிய நதி. கரை உடைந்து சேறும் சகதியுமாக, ஒரு யுகம் போய் மறு யுகம் வருவதன் வாசற்படியில் கிடந்தது.

அந்தச் சேற்றில் பிழைத்தவர்களும் இருந்தார்கள். நீர் இறங்கும்போது கால் புதையச் சேற்றில் இறங்கி, தோணிகளிலிருந்து விழுந்த நிலக்கரித் துண்டு, கயிற்றுத் துணுக்கு, செப்பு ஆணி என்று பொறுக்கி விற்ற ஏழைச் சிறுவர்களைப் பற்றி ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் அக்காலத்திலேயே எழுதி வைத்தார். சார்லஸ் டிக்கன்ஸ் 1864-இலும் 1865-இலும் தொடராக வெளியிட்ட ‘அவர் மியூச்சுவல் பிரண்ட்’ நாவல், தேம்ஸில் பிணம் தேடிப் பிழைக்கும் ஒருவனின் படகிலேயே தொடங்குகிறது. அந்த டிக்கன்ஸே விளையாட்டிலும் ஒரு பாத்திரமாக வருகிறார். டார்வினும் மார்க்ஸும் பிளாரன்ஸ் நைட்டிங்கேலும் வருகிறார்கள். பஞ்சாபின் அரியணையிலிருந்து இறக்கப்பட்டு இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்ட மகாராஜா துலீப் சிங்கும் வருகிறார்.

அவ்வளவையும் காட்டிய அத்திரையில் இரண்டு விஷயங்களை மட்டும் நான் தேடிக் காணவில்லை. ஒன்று நாற்றம், அதற்கு எந்தத் திரையும் இன்னும் வழி செய்யவில்லை. மற்றொன்று ஏற்றவற்றம். உண்மையான தேம்ஸ் லண்டன் பாலத்தருகே நாளுக்கு இரண்டு முறை ஏறக்குறைய 7 மீட்டர் ஏறி இறங்குகிற நதி. தோணிக்காரனின் நாள் சூரியனைப் பார்த்து விடியவில்லை, கடலேற்றத்தைப் பார்த்தே விடிந்தது. திரையில் நாங்கள் பார்த்த நேரமெல்லாம் நீர் ஒரே மட்டத்தில் நின்றது. கடலூர்த் துறைமுகத்தில் உப்பனாற்றின் நீர்மட்டத்தைப் பார்த்துப் படகை எடுக்கிற மீனவனுக்கு இந்தக் குறை உடனே தெரிந்துவிடும். பையனிடம் சொன்னேன், அவன் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

கடலூர் என்ற பெயரை எழுதிய பிறகு பேனா அங்கேயே நிற்க விரும்புகிறது. கூடலூர் என்பதே அதன் பழைய பெயர். ஆறுகள் கூடுகிற ஊர். கெடிலமும் பரவனாறும் உப்பனாறும் பெண்ணையும் கடலை நோக்கி வந்து சேரும் அந்தப் பிரதேசத்தில், நதி ஊருக்குள் ஓடுகிறது என்பதைவிட, நதிகளின் நடுவே ஊர் எப்படியோ நிலைத்து நிற்கிறது என்பதே பொருத்தம். கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் தோன்றும் கெடிலம், பெண்ணையிலிருந்து பிரிந்து வரும் மலட்டாற்றையும் வாங்கிக்கொண்டு, பண்ணுருட்டியையும் திருவதிகையையும் கரையில் வைத்து ஓடி, திருவந்திபுரத்தில் வடக்கு முகமாகத் திரும்பி, கேப்பர் மலையின் அடிவாரத்தைத் தொட்டு, கடலூரைக் கடந்து தேவனாம்பட்டினத்தருகே கடலில் கலக்கிறது. திருவந்திபுரத்து ஸ்தலபுராணம் அதைக் கருடன் கொணர்ந்த நதி என்கிறது. சைவர்களுக்கோ அது அப்பர் சுவாமிகளின் நதி: அதன் கரையில் திருவதிகையில்தான் தமக்கை திலகவதியார் காத்திருந்தார், சூலை நோய் தீர்ந்தது, கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அவர் கரையேறியதும் இந்த முகத்துவாரத்துப் பக்கம்தான் என்று சொல்லும் ஜனங்கள், அந்த இடத்தை இன்றும் கரையேறவிட்ட குப்பம் என்றே அழைக்கிறார்கள்.

இந்த முகத்துவாரத்துக்கும் திரையில் கண்ட தேம்ஸுக்கும் உள்ள உறவு என் கற்பனை அல்ல. கயிறு பிடித்துக் காட்டக்கூடிய உறவு. கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கே வந்தது துணிக்காக. நம் நெசவாளர் நெய்த பருத்தித் துணிகள் மூட்டை மூட்டையாக இந்தக் கரையில் வந்து சேர்ந்தன. ஆனால் சோழமண்டலக் கரையில் பெரிய கப்பல் கரையை அணுக முடியாது. அது அலைகளுக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். ஆணியே அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகள், அலை மோதினாலும் உடையாமல் வளைந்து கொடுத்து, மூட்டைகளைக் கப்பலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. அதே மூட்டை பல மாதப் பிரயாணத்துக்குப் பிறகு லண்டனுக்குக் கிழக்கே, தேம்ஸின் பிளாக்வால் துறைக்குப் போய்ச் சேரும். அங்கேயும் பெரிய கப்பல் நகரத்துக்குள் போகாது, சரக்குத் தோணிகள்தான் அதை ஏற்றிக்கொண்டு நதியில் மேலே போகும். 1806-இல் அங்கேயே கம்பெனிக் கப்பல்களுக்கென்று ‘ஈஸ்ட் இந்தியா டாக்ஸ்’ என்ற துறை வெட்டப்பட்டது. நம் துணிகள் அங்கே குவிந்த வேகத்தைக் கண்டு பயந்துதான் ஆங்கிலப் பாராளுமன்றம் 1700-இலும் 1721-இலும் அவற்றைத் தடுக்கச் சட்டம் போட்டது. ஆகவே, ஒரு நூற்றாண்டுக் கதையின் ஒரு முனையில் தைத்த படகும் மறுமுனையில் தேம்ஸ் தோணியும் இருக்கின்றன. என் மருமகன் தோணி தோணியாகத் தாவியபோது, அந்தத் தோணிகளின் முன்னோர்கள் சுமந்தது எங்கள் பக்கத்துத் துணி என்பது அவனுக்குத் தெரியாது. தெரியவில்லை என்று அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவனுக்கு யார் சொன்னார்கள்?

இப்போது விளையாட்டு ஆக்குகிறவர்களின் கண்ணோடு நம் ஊரைப் பார்க்கலாம். எந்த விளையாட்டு உலகத்துக்கும் ஒரு விளிம்பு உண்டு. அதற்கு அப்பால் போக முயன்றால் ஏதோ ஒரு திரை வந்து தடுத்துவிடும். அந்த விளிம்பை எங்கே போடுவது என்பது அவர்களுக்குப் பெரிய சங்கடம். கடலூருக்கு அந்தச் சங்கடமே இல்லை. 1690-ஆம் ஆண்டிலேயே அந்த விளிம்பு போடப்பட்டுவிட்டது. சென்னையில் கம்பெனி கவர்னராக இருந்த எலிஹு யேல் (அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர் அவரே) செஞ்சியில் இருந்த மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கினார். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும்? ஒரு பெரிய பீரங்கியைக் கோட்டையிலிருந்து சுட்டால் குண்டு போய் விழுகிற தூரம் வரை என்று ஒப்பந்தம். அப்படியே நாலு புறமும் சுட்டார்கள். குண்டு விழுந்த இடங்களுக்கு உட்பட்ட ஊர்கள் எல்லாம் கம்பெனிக்கு. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வழங்கலாயிற்று. பீரங்கி முழங்கி ஓர் உலகத்தின் எல்லையை வரைந்த இந்த விருத்தாந்தத்தைவிடச் சிறந்த தொடக்கக் காட்சியை எந்தக் கதாசிரியர் புனைந்துவிட முடியும்? வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவள் தலைக்கு மேல் இரைந்து போன குண்டைப் பார்த்தாள். அன்று மாலை அவள் வேறொரு ராஜாங்கத்தின் குடியாகி இருந்தாள்.

செயின்ட் டேவிட் கோட்டை என்று அவர்கள் பெயரிட்ட அந்தக் கோட்டை, 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்துக்கொண்டபோது ஆங்கிலேயருக்குச் சோழமண்டலக் கரையின் தலைமையிடமாயிற்று. 1752 வரை அப்படியே இருந்தது. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே பெண்ணை ஓடுகிறது. இரு ஐரோப்பிய வல்லரசுகளின் பகைக்கு நடுவே அந்த ஆறு கிடந்த கிடை இருக்கிறதே, அதுதான் நகரத்து நதியின் உண்மையான நாடகம். 1746 டிசம்பரில் பிரெஞ்சுப் படை பெண்ணையைக் கடந்து வந்து, மஞ்சக்குப்பத்தில் கவர்னரின் தோட்ட மாளிகையில் இறங்கி இளைப்பாறியது; ஆங்கிலேயருக்குத் துணையாக வந்த ஆற்காட்டு நவாபின் புதல்வர்களுடைய குதிரைப்படை திடீரென்று தோன்றவும், வந்த ஆற்றையே மறுபடி கடந்து ஓடவேண்டியதாயிற்று. 1748-இல் மேஜர் லாரன்ஸ் என்பவர், கடலூரைக் கைவிட்டவர்போலப் பட்டப்பகலில் பீரங்கிகளையெல்லாம் கோட்டைக்கு மாற்றிவிட்டு, இருட்டியதும் சிப்பாய்களோடு திரும்பக் கொண்டுவந்து வைத்தார். ஊர் காலியென்று நம்பி நள்ளிரவில் ஏணி போட்டு ஏற வந்த பிரெஞ்சுப் படை அடிபட்டுத் திரும்பியது. 1756-இல் இங்கே கவர்னராக இருந்த கிளைவ், கல்கத்தா வீழ்ந்த செய்தி வந்து இங்கிருந்துதான் போனார். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். 1783-இல் தரையிலே பிரெஞ்சுக்காரர் புஸ்ஸியும் ஆங்கிலேயர் ஸ்டூவர்ட்டும், கடலிலே சுப்ரென் என்ற பிரெஞ்சுத் தளபதியும் ஹியூஸ் என்ற ஆங்கிலத் தளபதியும் கடலூரை நடுவில் வைத்துப் போராடிக்கொண்டிருக்கையில், ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்ட செய்தி கப்பலில் வந்து சேர்ந்து போர் நின்றது.

இந்தக் காலத்தின் தெருவையும் துறையையும் சந்தையையும் எப்படி மறுபடி எழுப்புவது என்று கேட்பார்கள். அதற்கு வேண்டிய ஆதாரம் தமிழிலேயே இருக்கிறது. புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய தினசரிக் குறிப்பில், இன்ன நாள் இன்ன கப்பல் வந்து நங்கூரம் போட்டது, இத்தனை பீரங்கி வாழ்த்து முழங்கியது, தேவனாம்பட்டினத்திலிருந்து ஓடிவந்தவன் இன்ன சேதி சொன்னான் என்று அந்நாளின் மூச்சே பதிந்து கிடக்கிறது. 2023-இல் வந்த ‘அசாசின்ஸ் கிரீட் மிராஜ்’ என்ற விளையாட்டு ஒன்பதாம் நூற்றாண்டுப் பாக்தாதை, டைகிரிஸ் நதியோடும் கால்வாய்களோடும் எழுப்பிக் காட்டியது. கலீபா மன்சூர் 762-இல் அமைத்த அந்த வட்ட நகரத்தின் சுவரில் ஒரு கல்கூட இன்று தரைமேல் நிற்கவில்லை, அது ஏடுகளில் மட்டுமே இருக்கிறது. 1258-இல் மங்கோலியர் நூலகங்களை ஆற்றில் எறிந்தபோது டைகிரிஸ் மை கரைந்து கறுத்து ஓடிற்று என்று வழிவழியாக ஒரு கதை உண்டு. அந்த நதியே ஏடுகளிலிருந்து திரைக்கு மீண்டும் வந்திருக்கிறது. இடிந்து போன பாக்தாதுக்கு முடிந்தது இடிந்து போன தேவனாம்பட்டினத்துக்கு முடியாதா?

தமிழ்நாடு விளையாட்டு உலகத்தில் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2022-இல் ‘ஏஜ் ஆப் எம்பயர்ஸ்’ இரண்டாம் பாகத்துக்கு வந்த சேர்க்கையில் திராவிடர் என்ற தரப்பும், ராஜேந்திர சோழனின் படையெடுப்புக் கதையும் வந்தன. உருமி வீசும் வீரனும் திரிசடை என்ற போர்க்கப்பலும் அதில் உண்டு. 2025 பிப்ரவரியில் வந்த ‘சிவிலைசேஷன்’ ஏழாம் பாகத்தில் சோழர் ஒரு நாகரிகமாக வருகிறார்கள். கலம் என்ற பெயரோடே ஒரு கப்பலும், அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற வணிகக் குழுக்களின் பெயர்களில் கட்டடங்களும் இருக்கின்றன. அதே விளையாட்டில்தான் முதன்முறையாக, கப்பல் உள்ளே போகக்கூடிய பெரிய நதிகளையும் வைத்திருக்கிறார்கள். பெயர்களைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்தது, உண்மைதான். ஆனால் அங்கெல்லாம் நாம் ஆகாயத்திலிருந்து கீழே பார்க்கும் தெய்வத்தைப்போலப் பார்க்கிறோம். நகரம் ஒரு கட்டம், நதி ஒரு நீலக் கோடு. படித்துறையில் கால் வைத்தால் பாசி வழுக்குமா, ஓடக்காரனுக்கு என்ன கூலி, வண்ணார் துறை மேலே இருந்ததா கீழே இருந்ததா, எந்தத் தெருவாருக்கு எந்தத் துறை மறுக்கப்பட்டது என்ற கேள்விகள் அந்த உயரத்திலிருந்து எழுவதில்லை. நகரத்து நதியை உள்ளபடி காட்டத் தொடங்கினால் இந்தக் கடைசிக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. தேம்ஸில் சேறு பொறுக்கிய சிறுவர்களை மறைத்துவிட்டு லண்டனைக் காட்ட முடியாதது போலத்தான். அரண்மனையைக் காட்டுகிறவன் ராஜாவைக் காட்டினால் போதும். ஆற்றைக் காட்டுகிறவன் ஊர் முழுவதையும் காட்டியாக வேண்டும்.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்லப் பையன் குறிப்பேட்டில் கெடிலத்தின் வரைபடம் ஒன்றைப் போட்டுக்கொண்டே வந்தான். முகத்துவாரத்தில் கோட்டை, மேற்கே மஞ்சக்குப்பம், தெற்கே கடலூர், பீரங்கிக் குண்டு விழுந்த இடங்களுக்கு ஒரு வட்டம். திடீரென்று பென்சிலை நிறுத்திவிட்டு, “மாமா, தண்ணி எவ்ளோ வெக்கறது?” என்று கேட்டான். அவனை நான் சாதாரணமாக நினைத்துவிடவில்லை என்பதற்காக மகிழ்ந்தேன். ஏனென்றால் அந்த ஒரு கேள்வியில்தான் நம் நதிக்கும் தேம்ஸுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

தேம்ஸ் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். பெண்ணையும் கெடிலமும் வருஷத்துக்கு ஒரு முறை ஏறி இறங்கும். சித்திரையில் மணல்வெளி, ஆடியில் ஊற்றுத் தோண்டினால் கையளவு நீர், ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கரை தெரியாத வெள்ளம். சாத்தனூரில் 1950-களில் அணை எழுந்த பிறகு பெண்ணையின் கீழ்ப்பகுதி பெரும்பாலான மாதங்களில் மணலாகவே கிடக்கிறது. அந்த மணலையும் வாரிக்கொண்டு போனார்கள். நதியை மறந்த ஜனங்களுக்கு நதி அவ்வப்போது தன்னை நினைவூட்டுகிறது: 2015 நவம்பரில் ஒரு முறை, பெஞ்சல் புயலை ஒட்டி 2024 டிசம்பர் 2-ஆம் தேதி, சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் வெளியேறி, பெண்ணையின் இரு கரை ஊர்களும் கடலூர் நகரத்தின் பகுதிகளும் மூழ்கியபோது ஒரு முறை. எனவே நம் நதியை ஒரே மட்டத்தில் வைத்து ஒரு விளையாட்டு உலகத்தைப் படைக்க முடியாது. அதற்கு ஒரு பஞ்சாங்கம் வேண்டும். சித்திரையில் படை நடந்தே கடக்கலாம், கார்த்திகையில் ஓடமும் கவிழும். ஒரு மாதத்தில் சந்தை கூடும் மணல் திட்டு மறு மாதம் நீருக்கடியில். பிரெஞ்சுப் படை 1746-இல் பெண்ணையைக் கடந்தது மார்கழியை ஒட்டிய நாட்களில் என்பதை எண்ணிப் பார்த்தால், நதியின் மட்டம் போரின் விதியோடு எப்படிப் பின்னிக் கிடந்தது என்பது புரியும். ஆடுகிறவன் கதையை மட்டும் அறிந்தால் போதாது, மாதத்தையும் அறியவேண்டும். அப்படி ஒரு விளையாட்டு, நான் அறிந்தவரை, இன்னும் வரவில்லை. வருமானால் அது எங்கள் நடுநாட்டில் பிறந்தவன் கையிலிருந்துதான் வரவேண்டும் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

தை 5-ஆம் நாள் ஆற்றுத் திருவிழா. பெண்ணையின் கரை நெடுக, அக்கம்பக்கத்து ஊர்களின் சாமிகளெல்லாம் ஆற்றுக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் நாள். கண்டரக்கோட்டைப் பக்கம் மணலில் இறங்கியபோது கிழங்குக் கடைகளும் வளையல் கடைகளும் ராட்டினமும் கூடியிருந்தன. மேளச் சத்தத்துக்கு நடுவே ஒரு சாமி நீரை நோக்கி மெல்ல அசைந்துகொண்டிருந்தது. நடு ஆற்றில் கணுக்கால் அளவு தண்ணீர், குழந்தைகள் அதில் உட்கார்ந்தே குளித்தார்கள். என் மருமகன் சாமியையும் பார்க்கவில்லை, ராட்டினத்தையும் பார்க்கவில்லை. சாக்கை விரித்துக் கிழங்கு கூறு கட்டி விற்றுக்கொண்டிருந்த ஒரு கிழவியின் எதிரே குந்தி உட்கார்ந்து, சாத்தனூர்த் தண்ணீர் வந்த அன்றைக்கு வெள்ளம் எதுவரை ஏறிற்று என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அவள் கிழங்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கரையைத் தேடினாள். “அதோ, அந்தப் புளியமரம் தெரியுதா தம்பி, அது கவட்டை வரைக்கும்” என்றாள்.

“மொதக் கவட்டையா பாட்டி, ரெண்டாவதா?” என்று கேட்டுக்கொண்டே அவன் குறிப்பேட்டைத் திறந்தான்.